வந்த செய்திகளின் முகவரிகளைக் கொண்டு தொடர்புக் குழு அமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கம், கோவில் பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மாதர் சங்கம் என்று ஏதாவது ஒன்றின் செயலாளர் பொறுப்பை ஏற்பவரிடம் முதலில் கையளிக்கப்படுவது கூட்டக் குறிப்புப் புத்தகமும், எழுத்து மங்கிப்போன ஒரு தொலைபேசி இலக்கப் பட்டியலுமே. அந்தப் பட்டியலில் பல இலக்கங்கள் இப்போது பாவனையில் இருப்பதில்லை. ஆனால் முந்திய செயலாளர் முன்னனுப்பிய மின்னஞ்சல்களிலும், உறுப்பினர்கள் அனுப்பிய குறுந்தகவல்களிலும் பாவனையில் உள்ள முகவரிகள் ஏற்கெனவே கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் குழுவாக்குவது பற்றி இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துச் செயலாளர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன விடைகளையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

தொடர்புக் குழு என்பதும் வட்ஸ்அப் குழு என்பதும் ஒன்றுதானா?

இல்லை. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தொடர்புக் குழு என்பது உங்கள் முகவரிப் புத்தகத்தில் சிலருடைய பெயர்களுக்கு நீங்கள் இடும் பொதுவான அடையாளம் மட்டுமே. அதில் தாம் சேர்க்கப்பட்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதும் இல்லை. வட்ஸ்அப் குழு என்பது எல்லோரும் கூடிப் பேசும் இடம். அங்கே ஒருவருடைய இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். இரண்டுக்கும் நடுவே, ஒரே செய்தியை வட்ஸ்அப்பில் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு; அதைப் பின்னர் பார்ப்போம். என் அனுபவத்தில் முதலில் தொடர்புக் குழுவைச் சரியாக அமைத்துவிட்டால் மற்ற இரண்டையும் அதிலிருந்து சில நிமிடங்களில் உருவாக்கிக்கொள்ளலாம். தலைகீழாகச் செய்தால் வேலை இரட்டிப்பாகும்.

முகவரிகளைக் கேட்டு எழுதிக்கொண்டு தட்டச்சுச் செய்தால் என்ன? ஏன் வந்த செய்தியிலிருந்து எடுக்க வேண்டும்?

ஓர் எழுத்துத் தவறினாலும் மின்னஞ்சல் உரியவருக்குப் போய்ச் சேராது. வாயால் சொல்லும் முகவரியில் எந்த எழுத்து இரண்டு முறை வருகிறது, எந்த இலக்கம் கடைசியில் நிற்கிறது என்பதெல்லாம் எப்போதும் தவறுகிறவை. எங்கள் ஆட்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தியோடு வந்த முகவரியை இயந்திரமே எழுதியிருப்பதால் இந்தத் தவறுக்கு இடமில்லை.

ஜிமெயிலில் எனக்கு எழுதிய ஒருவரின் முகவரியைச் சேமிப்பது எப்படி?

கணினியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து, அனுப்பியவரின் பெயர்மேல் சுட்டியைச் சிறிது நேரம் வைத்தால் ஒரு சிறு அட்டை விரியும்; அதில் ஆள் உருவமும் கூட்டல் அடையாளமும் உள்ள குறியை அழுத்தினால் அவர் தொடர்புகளில் சேர்ந்துவிடுவார். கைத்தொலைபேசியில் ஜிமெயில் செயலியைத் திறந்து அனுப்பியவரின் வட்டப் படத்தைத் தொட்டால் இதே அட்டை வரும். அனுப்பியவரைத் தவிர வேறு யாருக்கெல்லாம் அந்த மின்னஞ்சல் போயிற்று என்பதை அறிய, அவருடைய பெயருக்குக் கீழே உள்ள சிறிய அம்புக்குறியை அழுத்துங்கள்.

ஒரே மின்னஞ்சலில் நாற்பது பேரின் முகவரிகள் இருக்கின்றன. ஒவ்வொருவராகத்தான் சேமிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பழைய மாணவர் சங்கங்களுக்கு மிகவும் பயன்படும் வழி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணினியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து, அனைவருக்கும் பதில் அளிக்கும் கட்டளையைக் கொடுங்கள். பதில் எழுதும் பெட்டி திறந்ததும் பெறுநர் வரிசையில் எல்லா முகவரிகளும் தாமாகவே வந்து நிற்கும். அந்த வரிசைக்குள் சுட்டியை வைத்து, கண்ட்ரோல் விசையுடன் ஏ எழுத்தை அழுத்தினால் எல்லாம் தெரிவாகும். பின்னர் கண்ட்ரோலுடன் சி எழுத்தை அழுத்தினால் பெயரும் முகவரியும் காற்புள்ளி இட்டுப் பிரிக்கப்பட்ட நிலையில் நகலாகும். சிசி வரிசையில், அதாவது பிரதி பெறுவோர் வரிசையில், ஆட்கள் இருந்தால் அங்கும் இதையே செய்ய வேண்டும்.

உடனே அந்தப் பதிலை அனுப்பாமல் அழித்துவிடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தி, வெறும் மின்னஞ்சலை முப்பது பேருக்கு அனுப்பிவிட்டு, நலம் விசாரித்து வந்த பதில்களுக்கு ஒரு வாரம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்து, அதே கூகுள் கணக்கின் தொடர்புகள் பக்கத்தைத் திறந்து, புதிய தொடர்பை உருவாக்கும் பொத்தானின் கீழே பல தொடர்புகளை ஒன்றாக உருவாக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள். வரும் பெட்டியில் நகலெடுத்ததை ஒட்டிச் சேமித்தால் நாற்பது பேரும் ஒரே மூச்சில் சேர்ந்துவிடுவார்கள். சிலருக்குப் பெயர் இல்லாமல் முகவரி மட்டும் வந்திருக்கும். அவர்களுக்கு அப்போதே பெயர் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அவர் யார் என்பது உங்களுக்கே நினைவிருக்காது.

நான் முன்பு எழுதியவர்கள் யாரையும் சேமிக்கவில்லை. அவர்களைத் தேடி எடுக்க முடியுமா?

முடியும். நீங்கள் மின்னஞ்சல் அனுப்பியவர்களின் முகவரிகளைக் கூகுள் தானாகவே ‘பிற தொடர்புகள்’ என்ற பகுதியில் ஒதுக்கி வைக்கிறது. தொடர்புகள் பக்கத்தின் இடது ஓரத்தில் அந்தப் பகுதி இருக்கும். ஆனால் அது ஒரு குப்பைக் கூடையும்தான். எப்போதோ விண்ணப்பம் அனுப்பிய நிறுவனங்களின் முகவரிகளும் அங்கேதான் இருக்கும். தேவையானவர்களை மட்டும் தெரிந்து முறையான தொடர்புகளாக்குங்கள்.

ஆட்களைச் சேமித்துவிட்டேன். குழுவாக்குவது எப்படி?

கூகுள் இதைக் குழு என்று அழைப்பதில்லை, லேபிள் என்றே அழைக்கிறது. தொடர்புகள் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் அருகில் உள்ள கட்டத்தைத் தெரிவு செய்து, மேலே தோன்றும் லேபிள் குறியை அழுத்தி, புதிய லேபிளுக்கு ஒரு பெயர் கொடுங்கள். பிறகு ஜிமெயிலில் புதிய மின்னஞ்சலின் பெறுநர் இடத்தில் அந்த லேபிளின் பெயரைத் தட்டச்சுச் செய்யத் தொடங்கினாலே அது கீழே தோன்றும்; அதைத் தெரிவு செய்தால் எல்லா முகவரிகளும் நிரம்பும். இதைக் கணினியில் செய்வதையே நான் பரிந்துரைப்பேன்.

ஒருவர் எத்தனை லேபிள்களிலும் இருக்கலாம். தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருக்கும் ஒருவர் மரண உதவிச் சங்கத்திலும் திருவிழாக் குழுவிலும் இருந்தால், அவரை இரண்டு முறை சேமிக்காமல் ஒரே பெயருக்கு இரண்டு லேபிள்களை இட வேண்டும். லேபிளின் பெயர் தமிழில் இருக்கலாம். ஆனால் நீங்கள் பயன்படுத்தும் எல்லாக் கருவிகளிலும் தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவுட்லுக் அல்லது தண்டர்பேர்ட் பயன்படுத்துவோர் என்ன செய்வது?

விண்டோஸ் கணினியில் உள்ள பழைய வடிவ அவுட்லுக்கில் மின்னஞ்சலின் பெறுநர் வரிசையை அப்படியே நகலெடுத்து, புதிய தொடர்புக் குழுவைத் திறந்து, முகவரிப் புத்தகத்திலிருந்து உறுப்பினர்களைச் சேர்க்கும் சாளரத்தின் அடியில் உள்ள பெட்டியில் ஒட்டினால் போதும். தண்டர்பேர்டில் முதலில் ஆட்களை முகவரிப் புத்தகத்தில் சேர்த்து, பின்னர் அதற்குள் ஓர் அஞ்சற் பட்டியலை உருவாக்கி அவர்களை அதற்குள் இழுத்துவிட வேண்டும்.

ஐபோனில்?

2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் தொலைபேசியிலேயே இதைச் செய்யலாம். அதற்கு முன்னர் கணினியின் உதவி தேவைப்பட்டது. மின்னஞ்சலில் அனுப்பியவரின் பெயரைத் தொட்டு, புதிய தொடர்பை உருவாக்குங்கள். பின்னர் தொடர்புகள் செயலியில் மேல் இடது மூலையில் உள்ள பட்டியல்கள் என்பதைத் தொட்டு, புதிய பட்டியலைச் சேர்த்து, அதற்குள் ஆட்களைக் கொண்டுவாருங்கள். பட்டியலின் பெயரை அழுத்திப் பிடித்தால், எல்லோருக்கும் மின்னஞ்சல் அல்லது குறுந்தகவல் அனுப்பும் தெரிவுகள் தோன்றும்.

எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு மின்னஞ்சல் இல்லை, குறுந்தகவல் மட்டுமே. அந்த இலக்கங்களைக் குழுவாக்கலாமா?

தாராளமாக. உண்மையில் தோட்டப்புறத்தில் இதுவே முதன்மையான தேவை. அண்ட்ரொய்ட் தொலைபேசியில் அந்தக் குறுந்தகவலைத் திறந்து, மேலே தெரியும் இலக்கத்தைத் தொட்டுத் தொடர்பில் சேர்க்கும் தெரிவைக் கொடுங்கள். சேமிக்கும்போது எங்கே சேமிப்பது என்று தொலைபேசி கேட்டால் உங்கள் கூகுள் கணக்கைத் தெரிவு செய்யுங்கள். பின்னர் தொடர்புகள் செயலியில் முன்பு சொன்னவாறே லேபிள் இடலாம். சில தொலைபேசிகளில் அதற்குக் குழு என்றே பெயர் இருக்கும்.

இலக்கத்தை எப்போதும் இலங்கையின் நாட்டுக் குறியீடான +94 உடன் சேமிப்பது நல்லது. 077 என்று தொடங்கும் இலக்கத்தில் முதல் பூச்சியத்தை நீக்கி, +94 77 என்று எழுத வேண்டும். மகனோ மகளோ வெளிநாடு போய் அங்கிருந்து உங்கள் பட்டியலைப் பயன்படுத்தினாலும் அப்போதுதான் அழைப்பு சரியாகப் போகும். வங்கிகள் போன்றவை அனுப்பும் செய்திகளில் இலக்கத்துக்குப் பதிலாகப் பெயர் மட்டுமே இருக்கும். அவற்றுக்குப் பதில் அனுப்ப இயலாது என்பதால் குழுவில் சேர்ப்பதில் பொருளில்லை.

பெயர்களை எப்படி எழுதிச் சேமிப்பது?

இதற்கு மென்பொருள் எதுவும் உதவாது. நீங்கள்தான் ஒரு முறையை வகுத்துக்கொள்ள வேண்டும். என் தொலைபேசியில் ஒரு காலத்தில் ‘தலைவர்’ என்ற பெயரில் மூவர் இருந்தார்கள்: தோட்டக் கமிட்டித் தலைவர் ஒருவர், கீழ்ப்பிரிவுத் தலைவர் ஒருவர், கோவில் தலைவர் ஒருவர். ஒரு மரண அறிவித்தல் தவறான தலைவருக்குப் போனதும், சரியான தலைவர் நல்லடக்கம் முடிந்த பிறகே செய்தி அறிந்ததும், அதன்பின் அவர் என்னோடு பேசாமல் இருந்ததும் தனிக்கதை. இப்போது நான் முதலில் ஆளின் பெயர், பிறகு தந்தையின் பெயர், பிறகு பிரிவு என்ற வரிசையில் எழுதுகிறேன். பதவியைப் பெயரில் சேர்ப்பதே இல்லை. பதவி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மாறிவிடும், ஆள் மாறுவதில்லை.

ஒரு தொலைபேசியை முழுக் குடும்பமும் பயன்படுத்தும் வீடுகளும் உண்டு. அவ்வாறான இலக்கத்தை யார் பெயரில் சங்கத்தில் பதிந்திருக்கிறதோ அவர் பெயரிலேயே சேமித்து, குறிப்புப் பகுதியில் வழக்கமாக எடுப்பவர் யார் என்று எழுதிவையுங்கள்.

குழுவுக்குத் தமிழில் குறுந்தகவல் அனுப்பினால் ரீலோட் விரைவில் தீர்ந்துவிடுகிறதே, ஏன்?

ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுந்தகவலுக்கு 160 இடங்கள் உண்டு. தமிழ் எழுத்து ஒன்றேனும் கலந்தால் முழுச் செய்தியும் யுனிகோட் முறைக்கு மாறி, 70 இடங்கள் மட்டுமே கிடைக்கும். அதற்கும் மேலே போனால் செய்தி 67 இடங்கள் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படும். நாம் ஓர் எழுத்தாகக் காண்பதைத் தொலைபேசி பெரும்பாலும் இரண்டாக எண்ணுகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை: ‘கொழுந்து’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, தொலைபேசிக்கு எட்டு இடம்.

எனவே 150 இடங்கள் பிடிக்கும் ஓர் அறிவித்தல் மூன்று துண்டுகளாகும். நாற்பது பேர் கொண்ட குழுவுக்கு அதை அனுப்பினால் 120 குறுந்தகவல்களாகக் கணக்கிடப்படும். நாள், நேரம், இடம் மூன்றையும் மட்டும் எழுதி, ‘அன்புடையீர்’ முதல் ‘இங்ஙனம்’ வரையான மற்றவற்றை மின்னஞ்சலுக்கு விட்டுவிடுங்கள். கூகுள் மெசேஜஸ் செயலியின் அமைப்புகளில், குழுவுக்கு அனுப்பும் செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறுந்தகவலாக அனுப்பும் தெரிவு உண்டு. அதைத் தெரிவு செய்தால் பதில்களும் உங்களுக்கு மட்டுமே வரும்.

வட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியல் ஏன் சிலருக்குப் போய்ச் சேருவதில்லை?

அவர்கள் உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமித்திருக்கவில்லை. ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆயினும் உங்களைச் சேமித்தவர்களுக்கே செய்தி கிடைக்கும். குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம், அங்கே இந்த நிபந்தனை இல்லை. ஆனால் திருமண வாழ்த்தும் காலை வணக்கமும் வந்து குவியும் குழுவில் மரண அறிவித்தல் புதைந்துபோவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நிர்வாகிகள் மட்டுமே எழுதலாம் என்ற அமைப்பை இட்டுவிட்டால் ஓரளவு தப்பலாம்.

மண்சரிவு எச்சரிக்கைக்கு என்று தனிக் குழு வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் விடுக்கிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்த அறிவித்தல் உங்களுக்குக் கிடைத்த பிறகு யாருக்கு அனுப்புவது என்று தேடிக்கொண்டிருக்க நேரமிராது.

இந்தக் குழுவில் எல்லோரையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு லயத்திலிருந்தும் இரண்டு பேர், அதாவது இரவில் தொலைபேசியை அணைத்து வைக்காத இருவர் போதும். அவர்கள் கதவைத் தட்டி மற்றவர்களை எழுப்புவார்கள். குறுந்தகவலாகவே அனுப்புங்கள், டேட்டா தீர்ந்த தொலைபேசிக்கும் அது போய்ச் சேரும். இடர் முகாமைத்துவ மத்திய நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் அவர்கள் எல்லோருடைய தொலைபேசியிலும் சேமித்துக் கொடுத்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முறை சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வராத இலக்கங்களை மாற்றுவது என் வழக்கம்.

குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது முகவரிகளை எந்த வரிசையில் இடுவது?

பெறுநர் இடத்தில் உங்கள் சொந்த முகவரியையும், மறைவாகப் பிரதி அனுப்பும் பிசிசி இடத்தில் குழுவின் பெயரையும் இடுங்கள். அப்போது ஒருவருடைய முகவரி மற்றவருக்குத் தெரியாது, ஒருவர் அனைவருக்கும் பதில் எழுதினாலும் அது உங்களுக்கு மட்டுமே வரும். நிர்வாகக் குழு போன்ற, ஒருவரையொருவர் அறிந்த ஏழெட்டுப் பேருக்கு மட்டும் இது தேவையில்லை. சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது என்பதையும், பெரிய சங்கங்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒருவரைக் கேட்காமல் சேர்ப்பது சரியா?

உங்கள் உறவினர், நண்பர்களின் முகவரிகளை உங்கள் சொந்தத் தேவைக்காகத் தொகுப்பது உங்கள் வீட்டுக் காரியம். சங்கத்தின் பெயரில் ஆட்களின் விபரங்களைத் திரட்டுவது வேறு. இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ‘உங்கள் இலக்கத்தைச் சங்கப் பட்டியலில் சேர்க்கலாமா?’ என்று ஒரு வரி கேட்டுவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது. முக்கியமாக, சங்கத்துக்கென்று வாங்கிய இலக்கங்களைத் தேர்தல் காலத்தில் கேட்டு வருவோரிடம் கொடுக்காதீர்கள்.

சிம் அட்டையில் சேமித்தால் என்ன?

சிம் தொலைந்தால் எல்லாம் தொலையும். அதில் லேபிள்களும் நிற்பதில்லை.

எங்கள் லயத்தில் சிக்னல் கிடைப்பதில்லை. குழு அமைக்க இணையம் வேண்டுமா?

கைத்தொலைபேசியில் ஆட்களைச் சேமிப்பதற்கும் லேபிள் இடுவதற்கும் அந்த நேரத்தில் இணையம் தேவையில்லை. அவை தொலைபேசியில் பதிந்திருந்து, நீங்கள் கோவில் மேட்டுக்கோ, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக்களத்துக்கோ ஏறிச் சிக்னல் கிடைத்ததும் தாமாகவே கணக்குக்குப் போய்ச் சேரும். பல முகவரிகளை ஒன்றாக ஒட்டும் முறைக்கு மட்டும் இணையத்துடன் கூடிய கணினி வேண்டும். அதை நகரத்துத் தொடர்பாடல் நிலையம் ஒன்றில் செய்வதானால், எழுந்து வருமுன் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள்.

செயலாளர் மாறும்போது குழுவைக் கையளிப்பது எப்படி?

கடவுச்சொல்லைக் கொடுப்பது வழியல்ல. அதோடு உங்கள் சொந்த மின்னஞ்சல்களும் போய்விடும். கணினியில் தொடர்புகள் பக்கத்தில் அந்த லேபிளை மட்டும் தெரிந்து சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாக ஏற்றுமதி செய்து, புதிய செயலாளருக்கு அனுப்புங்கள். அவர் அதைத் தம் கணக்கில் இறக்குமதி செய்தால், அன்றைய திகதியுடன் கூடிய ஒரு லேபிளின் கீழ் எல்லோரும் வந்து சேர்வார்கள். அதன் பெயரை மாற்றிக்கொண்டால் போதும். அந்தக் கோப்பை அச்சிட்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டிவைப்பதையும் நான் விடுவதில்லை. தொலைபேசி தண்ணீரில் விழலாம், புத்தகம் அலுமாரியில் இருக்கும்.

லேபிளை நீக்கினால் ஆட்களும் அழிந்துவிடுவார்களா?

நீக்கும்போது கூகுள் இரண்டு தெரிவுகளைத் தரும்: தொடர்புகளை வைத்துக்கொண்டு லேபிளை மட்டும் நீக்குவது ஒன்று, தொடர்புகளையும் சேர்த்து நீக்குவது மற்றொன்று. முதலாவதையே தெரிவு செய்யுங்கள். தவறிப்போய் இரண்டாவதை அழுத்திவிட்டால் பதற வேண்டாம். 30 நாட்களுக்குள் தொடர்புகள் பக்கத்தின் அமைப்புகளில் மாற்றங்களைத் திரும்பப் பெறும் கட்டளையைக் கொடுத்தால், பட்டியல் பழைய நிலைக்கு வந்துவிடும்.